இரண்டாம் பக்கத்தின் வேகம்

ஒன்பது எழுதி முடித்தாயிற்று. பத்தாவதுதான் நகரமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தது.

இசைத்தட்டு சேர்ப்பவர்களுக்கென்று வரும் மாத இதழ் ஒன்றில், ஆண்டுக்கு ஒரு முறை ‘வாங்க வேண்டிய பத்து மறுவெளியீடுகள்’ என்ற பட்டியலை எழுதுபவர் அவர். ஜாஸ் தட்டுகளும் தனிக்குரல் பாட்டுத் தட்டுகளும் மட்டும். இதழில் அவர் பெயர் வராது, ‘தராசு’ என்றுதான் போடுவார்கள். நாளடைவில் நேரில் பேசுகிறவர்களும் தராசு ஐயா என்றே கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். எழுபத்து நான்கு வயதிலும் நாற்காலியில் முதுகு சாய்க்காதவர். அவர் ‘வாங்கலாம்’ என்றால் ஒரு வாரத்தில் தட்டு கடையில் இருக்காது. ‘பழைய பிரதியே போதும்’ என்றால் புதுத்தட்டு அடுக்கிலேயே கிடந்து தூசி தின்னும்.

இந்த ஆண்டின் ஒன்பதையும் இரண்டு நாளில் எழுதிவிட்டார். விடுதிக் கூடத்தில் மூவர் வாசித்த பியானோத் தட்டு ஒன்று: கோப்பைகள் உரசும் ஓசையைத் துடைத்து எடுக்காமல் விட்டிருப்பதற்காகவே வாங்கலாம். கனத்த குரல்காரி ஒருத்தியின் இரட்டைத் தட்டு: முதல் தட்டு பொன், இரண்டாவது உறையை நிரப்ப வந்தது. சாக்ஸபோன்காரர் ஒருவரின் கடைசிப் பதிவு: தட்டு நன்று, ஆனால் உறையில் ஆளையே மாற்றிப் படம் போட்டிருக்கிறார்கள், வெட்கக்கேடு. இப்படி ஒன்பது.

பத்தாவதாக மேசைமேல் இருந்தது ‘ஆறு மணி வெளிச்சம்’. நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் வந்த தட்டு. பாடியவர் அவருடைய தங்கை. பதிவு செய்தவர் அவரே.

முந்தாநாள் கடைக்காரர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். பழைய தட்டு விற்கும் கடை அவருடையது. இரண்டு ஆண்டுகளாக மறுவெளியீடும் செய்கிறார். மூடிக்கிடந்த ஒலிப்பதிவுக் கூடத்தின் மூல நாடாவைத் தேடிப்பிடித்து, அச்சுக்குப் போகுமுன் மாதிரித் தட்டு ஒன்று எடுத்திருந்தார்.

“ஐயா, நாடாவ சரி பண்ணுச்சே நம்ம சவுண்டுப் பொண்ணு, அது ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கு. பியானோவுல ஒரு கட்டை லேசா அதிருதுங்க. முதல் பக்கம் முழுக்க அதே கட்டைதான். ரெண்டாம் பக்கத்துல பாத்தா, அந்த அதிர்வு பக்கத்துக் கட்டைக்குப் போயிருக்கு. அதிர்வு எழுந்து நடந்து போகுமாங்க?”

“போகாது” என்றார் தராசு.

“அப்ப ரெண்டாம் பக்கம் வேகமா ஓடுதுன்னுதானே அர்த்தம்? அரைச் சுரம் இறக்கி, வேகத்தக் குறைச்சிட்டோம். ஒரு பாட்ட மட்டும் மாதிரிக்கு வெளியில விட்டேன். நம்ம ஆளுங்க அடிக்க வராங்க. பறவையப் பிடிச்சு எருமையாக்கிட்டியேன்னு ஒருத்தர் எழுதியிருக்கார்.”

“யார் அவன்?”

“விடுங்கய்யா. நாலு தெரு தள்ளிப் பல் டாக்டர்.”

“பல்லப் பார்க்கச் சொல்லு.”

கடைக்காரர் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “அன்னைக்கு அந்த ரூம்ல இருந்தவங்கள்ல இப்ப மிச்சம் நீங்களும் தங்கச்சியம்மாவும்தான். அவங்ககிட்ட கேட்டேன். அந்தத் தட்டுப் பேச்சே வேணாம்னு போன வெச்சிட்டாங்க. நீங்க தப்புன்னு எழுதினா, பழைய வேகத்துலயே அடிச்சிடறேன். சரின்னு எழுதினா இப்படியே போகட்டும். உங்க பத்தாவது இடம்தான் தீர்ப்பு.”

தீர்ப்புச் சொல்ல அவர் யோசிக்க வேண்டியதே இல்லை. அந்தப் பெண் சொன்னது சரி. அது அவருக்கு நாற்பத்து மூன்று ஆண்டுகளாகத் தெரியும்.

பதிவு அன்று முதல் பக்கம் பகல் உணவுக்குள் முடிந்துவிட்டது. இரண்டு மணிக்கு மின்சாரம் போனது. கட்டடத்தின் ஜெனரேட்டரைப் போட்டார்கள். பழைய இயந்திரம், தலைக்குமேல் பாரம். மின்சாரத்தின் துடிப்பைக் காட்டும் அளவியில், ஐம்பதில் நிற்க வேண்டிய முள் நாற்பத்தேழில் நின்றது. ஒலிநாடா இயந்திரத்தின் மோட்டார் மின்சாரத்தின் துடிப்பைப் பார்த்துத்தான் சுழலும். துடிப்பு குறைந்தால் நாடா மெதுவாக ஓடும். மெதுவாகப் பதிந்ததைப் பிறகு சரியான வேகத்தில் ஓட்டினால் பாட்டு விரையும், குரல் மேலே ஏறும். அங்கேயே ஓட்டிக் கேட்டபோது எல்லாம் ஒழுங்காகவே கேட்டது. ஓட்டியதும் அதே ஜெனரேட்டரில் அல்லவா? வாசித்த நால்வரும் அன்று மாலை ரயிலில் ஊர் திரும்ப வேண்டும். கட்டுப்பாட்டு அறையில் அவருக்குப் பின்னால் அப்பா உட்கார்ந்திருந்தார், கோட்டுப் பொத்தானைக்கூடக் கழற்றாமல்.

பெண் பாடுவதற்கு அப்பா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார்: இயந்திரத்தில் மகன் இருக்க வேண்டும். வெளியாள் கையில் விடமாட்டேன்.

“இன்னைக்கே முடிஞ்சிடுமாப்பா?” என்று கேட்டார்.

“முடிஞ்சிடும்ப்பா” என்று மகன் சொன்னார். அந்த வீட்டில் ஒருவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதை மாற்றிப் பேசுவது கிடையாது. முள்ளைப் பார்த்தபடியே பதிவைத் தொடங்கினார்.

தட்டு வந்தது. ‘இரண்டாம் பக்கத்தில் பாடுவது பெண்ணல்ல, விடியலில் எழும் பறவை’ என்று ஒரு பத்திரிகை எழுதியது. அப்பா அதைக் கத்தரித்துச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினார். வந்தவர் போனவரிடமெல்லாம், “பாடினது என் பொண்ணு, பதிவு பண்ணது என் பையன்” என்று அதைக் காட்டினார். அப்பாவுக்குப் பிறகு அந்தச் சட்டம் தராசின் சுவருக்கு வந்தது. இப்போதும் மேசைக்கு நேரெதிரே தொங்கியது.

காலை பத்தரைக்கு இதழாசிரியை தொலைபேசியில் கூப்பிட்டார்.

“ஐயா, ஒம்பது வந்துடுச்சு. பத்து எங்க? நாலு மணிக்கு அச்சகத்துக்குப் போகணும். எனக்கு வர்ற கடிதமெல்லாம் அந்த ஒரு தட்டப் பத்திதான். ஜனங்க ரெண்டு கட்சியா நிக்கறாங்க.”

“நாலு மணிக்குள்ள வரும்.”

வைத்துவிட்டு எழுதினார்: ‘பழைய பிரதியின் வேகமே பாடகியின் உண்மையான குரல். புதிய பிரதி, மிகுந்த கெட்டிக்காரத்தனத்தால் நேர்ந்த பிழை.’ இரண்டே வரி. எழுத்து அழகாக விழுந்திருந்தது. இனி கடைக்காரர் பழையபடியே அடித்துவிடுவார், பல் டாக்டர் சந்தோஷப்படுவார், சுவரிலிருக்கும் சட்டத்துக்கு ஒரு குறையும் வராது.

ஆனால் தராசு என்ற பெயரில் கேட்காத தட்டைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை. இந்த இரண்டாம் பக்கத்தை இன்னும் அவர் ஓட்டிப் பார்க்கவில்லை. குறை சொல்வதற்காவது கேட்க வேண்டுமே என்று எழுந்து முள்ளை வைத்தார்.

முதல் அடி முடிவதற்குள் கை தானாகவே மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

பறவை இல்லை. இருபத்து நான்கு வயதுப் பெண் ஒருத்தி கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று, சொல்லைக் கீழேயிருந்து எடுத்து, நிதானமாகக் கையில் வைத்துப் பார்த்து, பிறகு தருகிறாள். அன்று ஒலிவாங்கிவழி அவர் காதில் விழுந்த அதே குரல். அதற்குப் பின் இந்தப் பக்கத்தில் ஒருநாளும் கேட்காத குரல்.

அடுத்து நினைவுக்கு வந்தது பாட்டல்ல, ஒரு நடைக்கூடம்.

தட்டு வந்தபின், இரண்டாம் பக்கப் பாட்டுகளைப் பாடச் சொல்லித் தங்கையை மேடைக்குக் கூப்பிட்டார்கள். புதிய பியானோக்காரர் தட்டைக் கேட்டுத்தான் பாட்டைப் படித்திருந்தார். தட்டிலிருந்த உயரத்திலேயே வாசித்தார். அவளோ காதால் மட்டுமே பாடுகிறவள், சுரத்தை எழுத்தில் அறியாதவள். அந்த உயரத்தை எட்டிப் பிடிக்கப் போய்த் திணறினாள். ‘தட்டில் இருப்பவள் வேறு, மேடையில் இவள் குரல் கனம்’ என்றார்கள். இரண்டு ஆண்டு போராடினாள். கடைசியில் தொண்டை மருத்துவரிடம் போனாள். துணைக்குப் போனவர் அண்ணன். உள்ளே அவள் வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தபோது, வெளியே நடைக்கூடத்தில் அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, முதுகை நேராக வைத்து உட்கார்ந்திருந்தார். தொண்டையில் ஒன்றுமில்லை என்றார் மருத்துவர். அன்றோடு அவள் பாட்டை விட்டாள். ஒரு ஆஸ்பத்திரியின் தொலைபேசி அறையில் வேலைக்குச் சேர்ந்து, இருபத்தாறு ஆண்டு, கூப்பிட்டவர்களை வார்டுகளுக்கு இணைத்துவிட்டு ஓய்வு பெற்றாள்.

எழுதிய தாளை நான்காகக் கிழித்தார். கைப்பெட்டி போல மடங்கும் தட்டுச்சுழற்றி ஒன்று பரணில் இருந்தது. அதை இறக்கினார்.

“எங்க கிளம்பிட்டீங்க, சாப்பிடற நேரத்துல?” என்று மனைவி கேட்டார்.

“பாப்பா வீட்டுக்கு.”

“பெட்டியத் தூக்கிக்கிட்டா?”

“ஆமா” என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

தங்கையின் வீடு மூன்றாவது மாடியில். மின்தூக்கி இல்லை. பெட்டியை இரண்டு கையாலும் மாற்றி மாற்றிப் பிடித்து ஏறிச்சேர்ந்தபோது அவருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. கதவைத் திறந்த தங்கை, மூக்கு நுனியில் கண்ணாடியும் கையில் கத்தரிக்கோலுமாக நின்றார்.

“என்னண்ணே, பெட்டியோட வந்துட்டீங்க? அண்ணி வெரட்டி விட்டுட்டாங்களா?”

“உள்ள விடு பாப்பா. மூச்சு வாங்குது.”

“அறுபத்தேழு வயசுல பாப்பா! பல் செட்டக் கழட்டினா நிஜமாவே பாப்பாதான். உக்காருங்க, அந்தத் துணிமேல உக்காராதீங்க, ஊசி இருக்கு.”

அறை முழுக்கச் சன்னல் திரை விரிந்து கிடந்தது. ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். தராசு தண்ணீர் குடித்தார். பெட்டியைத் திறந்தார். தட்டின் உறையைப் பார்த்ததும் தங்கையின் முகத்திலிருந்த சிரிப்பு மடங்கிப்போனது.

“இத எதுக்கு இங்க கொண்டாந்தீங்க?”

“மறுபடி வருது.”

“தெரியும். அந்தக் கடைக்காரர் கூப்பிட்டார். வேணாம்னு சொல்லிட்டேன். அதுல பாடறது யாரோ ஒருத்திண்ணே. எனக்கும் அவளுக்கும் அப்பவே ஒத்து வரல. அவ பாடிட்டுப் போயிட்டா, மேடையில திட்டு வாங்கினது நான்.”

“அது நீ இல்லதான் பாப்பா.”

“என்ன?”

அவர் வழியெல்லாம் வாக்கியம் கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒன்றும் நிற்கவில்லை. “அன்னைக்கு மத்தியானம் கரண்ட் போச்சே, ஞாபகம் இருக்கா?”

“போச்சு. டிரம்ஸ்காரர் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டு உள்ளேர்ந்து கதவத் தட்டினார். தாளத்தோட தட்டறார் பாருன்னு சிரிச்சோம்.”

“ஜெனரேட்டர் போட்டாங்க. அது மெதுவா ஓடுச்சு. அதனால நாடாவும் மெதுவா ஓடுச்சு. தட்டாக்கினப்ப உன் குரல் அரைச் சுரம் மேல போயிடுச்சு. ரெண்டாம் பக்கம் முழுக்க.” தட்டின் உறையைத் திருப்பி வைத்தார். “தட்டுல இருக்கற உயரம் நீ பாடின உயரம் இல்ல. நீ மேடையில பிடிக்கப் போனது மெஷினோட உயரம்.”

தங்கை கத்தரிக்கோலைத் துணிமேல் வைத்தார். சத்தம் வராமல் வைத்தார்.

“உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“முள்ளப் பார்த்தப்பவே.”

“பதிவு பண்ணும்போதே?”

“ஆமா.”

“தொண்டை டாக்டர்கிட்ட போனோமே.”

“போனோம்.”

“நீதான கூட வந்த.”

அம்மா போனபின் அவரை ‘நீ’ என்று யாரும் கூப்பிட்டதில்லை. முதுகு இன்னும் நேரானது, அடி வாங்கத் தயாராகிறவனைப் போல.

“வந்தேன்.”

“என் கைப்பைய மடியில வெச்சிக்கிட்டு உக்காந்திருந்த. அப்பவும் தெரியும்.”

“தெரியும்.”

“தொண்டையில கம்பிய விட்டுப் பார்த்தாங்கடா அண்ணா.”

“அப்பா அந்தச் சட்டத்த மாட்டி வெச்சிருந்தார். ஊரெல்லாம் சொல்லி வெச்சிருந்தார். அவர் இருக்கும்போது வாய் வரல” என்றார்.

“அப்பா போய் இருபது வருஷம் ஆச்சு.”

தங்கை எழுந்து சமையலறைக்குப் போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அது நெடுநேரம் ஓடியது. பாத்திரம் எதுவும் கழுவும் ஓசை இல்லை. தராசு விரிந்து கிடந்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேர்த்தியான தையல். ஒரு தையல்கூட வரிசை பிசகவில்லை.

திரும்பி வந்தபோது தங்கையின் முகம் கழுவப்பட்டிருந்தது.

“போடு.”

“எதை?”

“அதுக்குத்தான தூக்கிட்டு வந்த?”

முள்ளை வைத்தார். முதல் பாட்டு முழுவதும் தங்கை நின்றுகொண்டே கேட்டார். இரண்டாவதில் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது பாட்டின் நடுவில் சட்டென்று விரலை உயர்த்தினார்.

“இங்க! கேட்டியா? மூச்சு விட்ட இடம் தப்பு. சொல்ல ஒடச்சிட்டேன்.”

“சின்னத் தப்புதான்.”

“சின்னதோ பெருசோ, இது என்னோட தப்பு.” அதைச் சொல்லும்போது அவர் முகத்தில், வீட்டில் தொலைந்த ஒரு பொருள் கைக்குக் கிடைத்தவரின் களை வந்தது. “இது நான்தான்ணா. நான் இப்படித்தான் அவசரப்படுவேன்.” பிறகு உட்கார்ந்தார். உட்கார்ந்தபின்தான் அழுதார். சத்தம் போடாமல், பாட்டு காதில் விழாமல் போய்விடக்கூடாது என்பது போல.

பக்கம் முடிந்தபோது மணி மூன்று. தராசு சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார். வாசலில் மூச்சு வாங்க நின்றபோது பெட்டிமேல் வைத்துக் கிறுக்கியிருந்தது. படித்துக் காட்டினார்: “மின்தடையின் காரணமாக நேர்ந்த ஒரு சிறு தொழில்நுட்பக் குறைபாடு இப்போது சீர்செய்யப்பட்டுள்ளது.”

“மின்தடையா கைப்பைய வெச்சிக்கிட்டு உக்காந்திருந்துச்சு?”

அவர் தாளைத் திருப்பிப்போட்டார். தையல் மேசையில் உட்கார்ந்து, நூல்கண்டை ஒதுக்கிவிட்டு, பின்பக்கத்தில் எழுதினார். பாதியில் ஒரு முறை பேனா நின்றது. தங்கை எட்டிப் பார்க்கவில்லை, உதவவும் இல்லை. முடித்ததும் இதழாசிரியையைக் கூப்பிட்டு, கடிதம் சொல்வதுபோல ஒவ்வொரு வரியாகச் சொன்னார்.

“பத்து. ‘ஆறு மணி வெளிச்சம்.’ வாங்குங்கள். பழைய பிரதி வைத்திருப்பவர்களும் வாங்குங்கள். இதன் இரண்டாம் பக்கம் நாற்பத்து மூன்று ஆண்டுகளாக அரைச் சுரம் ஏறி, வேகமாக ஓடிவந்தது. பதிவு செய்தவன் நான். ஜெனரேட்டரின் முள் தாழ்ந்திருந்ததைப் பார்த்தேன். பார்த்தும் பதிவு செய்தேன். பிறகு சொல்லாமல் இருந்தேன். அதனால் ஒரு பாடகி தன் தொண்டை கெட்டுவிட்டது என்று நம்பிப் பாடுவதை நிறுத்தினார். அவர் என் தங்கை. அவர் குரல் இந்தப் பக்கத்தில் இப்போதுதான் முதல் முறையாக வெளிவருகிறது. பறவை வேண்டுபவர்கள் பழைய பிரதியையே வைத்துக்கொள்ளலாம்.”

மறுமுனையில் இதழாசிரியை கடைசி வரியை ஒரு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

“ஐயா… இத அப்படியே போடவா? கொஞ்சம் பூசி மெழுகி வேணும்னா நான்…”

“ஒரு எழுத்து மாறக் கூடாது.”

“தராசுன்னே போட்டுடறேன். யாருக்கும் தெரிய வேணாம்.”

“வேணாம்மா” என்றார் அவர். “இந்தப் பத்தாவதுக்குக் கீழ மட்டும் என் பேரப் போடு. அப்பா பேரோட முதல் எழுத்தும் சேர்த்து.”

தொலைபேசியை வைத்துவிட்டுத் தங்கையைப் பார்த்தார். பாராட்டை எதிர்பார்த்தாரோ என்னவோ. தங்கை ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

“பத்தாவது இடமா?”

“முதல் பக்கத்துல ரெண்டு பாட்டு சுமார்தான் பாப்பா. ஒம்பதாவது தட்டு இத விட நல்லாருக்கு.”

தங்கை மூக்கால் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், “அண்ணா, நீங்க இப்பக் கிளம்புங்க” என்றார். “ரெண்டு மாசத்துக்கு இந்தப் பக்கம் வராதீங்க. போனும் பண்ணாதீங்க. எனக்குத் தோணினா நானே கூப்பிடறேன். கோவம் இருக்கு. நிறைய இருக்கு. இத்தன வருஷத்துக் கோவத்த ஒரு மத்தியானத்துல தீர்க்க முடியாது.”

‘நீங்க’ திரும்பி வந்திருந்தது. ‘நீ’யே தேவலாம் போலிருந்தது அவருக்கு.

“சரிம்மா” என்று எழுந்து தட்டில் கை வைத்தார்.

“பெட்டிய விட்டுட்டுப் போங்க. தட்டையும்.”

வெறுங்கையோடு வெளியே வந்தார். பின்னால் கதவு சாத்தியது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒரு மாடி இறங்கியிருப்பார், மேலே பாட்டு தொடங்கியது. இரண்டாம் பக்கம், முதலிலிருந்து. படிக்கட்டுச் சுவர்களில் பட்டு, கனத்து, நிதானமாக இறங்கி வந்தது. அவர் அங்கேயே நின்றுவிட்டார். உட்காரத் தோன்றவில்லை. தலை நிமிர்ந்து நின்று கேட்டார்.

மழையில் நனைந்த குடையோடு மேலேறி வந்த ஓர் அம்மாள், அவர் நிற்பதைப் பார்த்துத் தானும் ஒரு படியில் நின்றார். யாரோ புதுக்குடித்தனக்காரர் போலிருந்தது.

“யாருங்க மேல பாடறது?” என்று கேட்டார். “நல்ல கனமான குரலா இருக்கே.”

“என் தங்கச்சி” என்றார் அவர். “அவ குரலே அப்படித்தாம்மா.”